அக்கறைக் கிளை

கல்லாக்காரர் ஒரு யோசனை சொன்னார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நகரமெங்கும் கிளை பரப்பியதாகச் சொல்லிக்கொண்ட ஒரு மருந்துக்கடை நிறுவனத்தில் அவர் பணம் வாங்கும் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக அதே கல்லா, அதே நாற்காலி. அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் கல்லாக்காரர். நிறுவனம் கிளை பரப்பியது என்னவோ பெரும்பாலும் ஒரே தெருவில்தான். ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்கியதும் வரும் கடைவீதியில் அதன் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுநடுவே போட்டி நிறுவனத்தின் கடைகள் இருந்தன, தங்கப்பல் கட்டிய வாய்போல ஒன்று விட்டு ஒன்று. தலைவலி என்று அந்தத் தெருவில் நுழைந்தவன், எந்தக் கடைக்குள் போவது என்று யோசித்தே இன்னொரு தலைவலியைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், அக்கரையில், ஒரு மருந்துக்கடைகூடக் கிடையாது. கல்லாக்காரரும் அவருடைய அக்காவும் அங்கேதான் குடியிருந்தார்கள்.

அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு பேசவைத்த காலத்தில் தனக்கென்று மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் இப்போது தம்பியிடம் செலவழித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பஞ்சமில்லை, மூச்சுக்குத்தான். இழுப்பு வந்தால், நெஞ்சுக்குள் யாரோ கிழிந்த துருத்தியை அமுக்குவதுபோலச் சத்தம் கேட்கும். இன்ஹேலர் தீர்ந்துவிட்டால் பஸ் பிடித்துப் பாலம் தாண்ட வேண்டும். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அதே கதிதான். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்றால் அங்கே முதலில் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள், பிறகுதான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆகவே, நிறுவனம் தன் ஊழியர்களிடம் யோசனை கேட்ட வாரத்தில், கல்லாக்காரர் எழுந்து நின்று, "அக்கரையில ஒரு கடை போட்டா நல்லா இருக்கும் சார்" என்றார். கைதட்டினார்கள். அடுத்த வாரம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. கல்லாவிலிருந்து இடத்தேர்வுத் துறைக்கு மாற்றல்.

"அப்ப அக்கரையில கடை வருதா மேடம்?" என்று பணியாளர் பிரிவு அம்மாளிடம் கேட்டார்.

"இல்லைங்க. யோசனை சொல்ற உரிமை மத்தத் துறைக்காரங்களுக்குத்தான். இடத்தேர்வுத் துறைக்காரங்க இடத்தைப் பத்தி யோசனை சொல்லக் கூடாது, அது பாரபட்சம். நீங்க அந்தத் துறைக்கு வந்துட்டதால உங்க யோசனை தானாவே ரத்தாயிடுச்சு. வாழ்த்துகள்."

வீட்டில் அக்கா கேட்டாள்: "என்னடா, தூக்கிட்டாங்களா?"

"மேல தூக்கியிருக்காங்க அக்கா."

"நல்லதுதான். விழறதுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் கிடைச்சிருக்கு."

இடத்தேர்வுத் துறை தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில் இருந்தது. சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். போட்டிக் கடைகளுக்குச் சிவப்பு ஊசி, சொந்தக் கடைகளுக்கு நீல ஊசி. கடைவீதி இருக்கவேண்டிய இடத்தில் இத்தனை ஊசி குத்தி அந்தக் காகிதமே நைந்து உதிர்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் சுவரின் காரை தெரிந்தது. வரைபடத்தின் மற்ற இடமெல்லாம் அச்சகத்திலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளவென்று இருந்தது. அக்கரையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

துறையின் இயக்குநர் மெல்லிய குரல் உள்ளவர். கோபமே வராது. யாராவது முட்டாள்தனமாகக் கேட்டால் அவர்மேல் இரக்கம்தான் வரும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாளே ஒரு பயிற்சி வைத்தார்.

நீளமான ஒரு கூடம். ஒரு சுவர் ஓரமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாற்காலிகள். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார்கள். கல்லாக்காரருக்குக் கடைசி நாற்காலி, ஜன்னலை ஒட்டி. தேநீர்ப் பாத்திரத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வரிசையின் இந்தப் பாதிக்கு நடுவிலும், இன்னொருவர் அந்தப் பாதிக்கு நடுவிலும் நின்றார்கள். யாரும் ரொம்ப தூரம் நடக்கவேண்டியதில்லை. கல்லாக்காரருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் வியாபாரிங்க. நீங்கள்லாம் ஜனங்க. யாரு கிட்ட இருக்காங்களோ அவங்ககிட்டதான் வாங்குவீங்க" என்றார் இயக்குநர். "இப்ப, இந்த வியாபாரி ரெண்டு அடி நடுப்பக்கமா நகர்றார். என்ன ஆகும்? இவருக்குப் பின்னாடி இருக்கறவங்க எங்கேயும் போக முடியாது. நடுவுல இருக்கறவங்களும் கூடுதலா கிடைப்பாங்க. அந்த வியாபாரி சும்மா இருப்பாரா?"

அந்த வியாபாரியும் நகர்ந்தார். இவர் மறுபடி நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கூடத்தின் நட்டநடுவில் முழங்கை முழங்கையோடு இடிக்க நின்றார்கள். இரண்டு பாத்திரத்தின் மூக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இயக்குநரின் கண்ணில் நீர் திரையிட்டது. "இதுதான் சமநிலை" என்றார்.

பயிற்சி முடிந்தது. கல்லாக்காரர் கையைத் தூக்கினார்.

"சார், டீ வரலை."

"எழுந்து வாங்க."

"முதல்ல நின்ன இடத்துலயே நின்னிருந்தா எல்லாருக்கும் சூடா கிடைச்சிருக்குமே சார்?"

இயக்குநர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க இன்னும் ஜனங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. எழுந்து வர்றது உங்க வேலை. அதை நாங்க வாடிக்கையாளர் பயணம்னு சொல்வோம்."

கல்லாக்காரர் கூடத்தின் பாதி நீளத்தை நடந்து போனார். பாத்திரத்தில் அடிவண்டல்தான் இருந்தது. குடித்தார்.

யோசனை சொல்லக் கூடாது என்றாலும் கேள்வி கேட்கலாம் என்று விதி இருந்தது. ஆகவே ஒரு வாராந்தரக் கூட்டத்தில் அவர் கேட்டார்: "சார், அக்கரையில நாம ஏன் இல்லை?"

"அங்க யாரு இருக்காங்க?"

"நிறைய ஜனங்க இருக்காங்க சார். ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, நூல் மில்லு இருக்கு, வயசானவங்க—"

"அது சரி. யாரு இருக்காங்க?"

கல்லாக்காரருக்குப் புரிந்தது. "அவங்க இல்லை சார்" என்றார். அந்த அலுவலகத்தில் போட்டி நிறுவனத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அவங்க' என்றால் போதும்.

"பார்த்தீங்களா! அவங்ககிட்ட பெரிய ஆராய்ச்சித் துறையே இருக்கு. அவங்களே போகலைன்னா காரணம் இருக்கும்."

"என்ன காரணம் சார்?"

"நாம போகலைங்கறதுதான்." இயக்குநர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்: "ஜனங்க இருக்காங்க, ஜனங்க இருக்காங்கன்னு சொல்றீங்க. ஜனங்களை நம்பிக் கடை போட முடியுமா? வீடு மாத்துவாங்க. ஊரை விட்டுப் போயிடுவாங்க. சில பேர் செத்தே போயிடுவாங்க. போட்டியாளர் அப்படி இல்ல. காலையில நாம கடை திறக்கும்போது அவரும் திறக்கறார். நமக்கு யாரையாவது நம்பணும்னா அவரைத்தான் நம்பணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கல்லாக்காரரும் ஆட்டினார், பக்கத்தில் இரண்டு பேர் ஆட்டும்போது நம் தலையை மட்டும் நிறுத்திவைப்பது கஷ்டம்.

அவருக்குக் கொடுத்த வேலை வெளிக்களப் பணி. போட்டி நிறுவனத்துக்காரர்கள் புதுக்கடைக்கு எங்கே இடம் பார்க்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். போட்டி நிறுவனத்தின் ஆள் ஒருவரை அவருக்கு அடையாளம் காட்டினார்கள். மழையானாலும் வெயிலானாலும் இரண்டும் இல்லாவிட்டாலும் விரித்த குடையோடு திரிபவர். கல்லாக்காரர் அந்தக் குடைக்குப் பின்னால் தெருத்தெருவாக நடந்தார். குடைக்காரர் நின்றால் இவர் நின்றார். இவர் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றால் குடைக்காரரும் நின்றார்.

ஒருநாள் இரண்டு பேரும் நகராட்சிக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலில் வந்து நின்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. குப்பையிலிருந்து புகை வந்தது. இரண்டு பேரும் நகரவில்லை. கடைசியில் குடைக்காரர்தான் பக்கத்தில் வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்க?"

"நீங்க நிக்கறீங்கன்னுதான்."

"நான் நீங்க நிக்கறீங்கன்னு நின்னேன்."

பிறகு குடைக்காரர் குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்து, "நிழலுக்கு வாங்க" என்றார். அவருக்கும் ஒரு காலத்தில் வேறு வேலைதான், சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அலுவலகத்துச் சுவரிலும் ஒரு வரைபடம் இருந்தது, அதிலும் ஓட்டை. அவருடைய இயக்குநருக்கும் கோபமே வராது.

சாயங்காலம் திரும்பிப் போய் கல்லாக்காரர் தான் பார்த்ததைச் சொன்னார். பொட்டலில் நின்றோம், ஒன்றுமில்லை, குப்பைமேடு. இயக்குநர் கேட்டது ஒரே கேள்விதான்: "அவர் எவ்வளவு நேரம் நின்னார்?"

"நாள் பூரா சார்."

அந்த மாதமே குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மருந்துக்கடைகள் திறந்தன. ஒரு சுவர், இரண்டு கதவு. வாசலில் நாய்கள் படுத்துக்கொண்டன. "ரெண்டு பேருமே வந்திருக்கோம்னா, அந்த இடத்துல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னார். யாரும் வாங்க வரவில்லை. ஆனால் இரண்டு கடையையும் மூடவும் இல்லை. அவர்கள் மூடினால் மூடலாம் என்று இவர்களும், இவர்கள் மூடினால் மூடலாம் என்று அவர்களும் காத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் கல்லாக்காரருக்கு, வீட்டுக்குப் பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. "அக்காவுக்கு இழுப்பு. அந்த டப்பாவுல ஒண்ணும் வரலைங்கறாங்க. சீக்கிரம் வாங்கிட்டு வாங்க."

அவர் அப்போது கடைவீதியில்தான் இருந்தார். முதல் கடையில் நுழைந்தார். இன்ஹேலர் இல்லை. அடுத்த கடையில் இல்லை. அதற்கடுத்த கடையிலும் இல்லை.

"இத்தனை கடை இருக்கு, ஒண்ணுலயுமா இல்ல?"

"பக்கத்துக் கடையில வெச்சிருந்தா நாங்களும் வெச்சிருப்போம் சார்" என்றாள் விற்பனைப் பெண். "அவங்ககிட்ட தீர்ந்துபோச்சு. அதனால நாங்க ஆர்டர் போடலை."

பக்கத்துக் கடையிலும் இதையேதான் சொன்னார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையின் அலமாரி மூலையில், தூசு படிந்த ஒன்று கிடைத்தது. வாங்கிக்கொண்டு ஓடினார். பஸ் வரவில்லை. பாலத்தை ஓடியே தாண்டினார். அந்த வயதில் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, விழாமல் முன்னால் சாய்ந்துகொண்டே போனார்.

அக்கா ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ். இரண்டு முறை மருந்தை உறிஞ்சிய பிறகு அந்தச் சத்தம் மெல்லத் தணிந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அக்கா பேசினாள்.

"தெரு பூரா கடைன்னு சொன்னே?"

"பூரா கடைதான் அக்கா. எல்லாம் ஒரே கடை."

அக்கா சிரிக்க முயன்று இருமினாள். கல்லாக்காரர் அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார். பயந்திருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றினால் தரை இருப்பது தெரியாதே, அப்படி இருந்தது.

மறுநாள் அவர் குடைக்காரரைத் தேடிப் போனார். "அண்ணா, நாம ரெண்டு பேரும் எங்க நின்னாலும் அங்க கடை வருது, கவனிச்சீங்களா?"

"குப்பைமேட்டுல பார்த்தோமே."

"எங்க தெருவுல வந்து கொஞ்சம் நிக்கறீங்களா?"

குடைக்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சைக்கிள் கடைக்கு எதிரில் இரண்டு பேரும் ஒரு வாரம் நின்றார்கள். அக்கா உள்ளேயிருந்து மோர் கலக்கிக் கொடுத்தனுப்பினாள். கல்லாக்காரர் தன் இயக்குநரிடம் போய், "அவங்க ஆளு அக்கரையிலேயே நிக்கறார் சார், நகரவே மாட்டேங்கறார்" என்றார். அதே நேரத்தில் குடைக்காரர் தன் இயக்குநரிடம் அதையே சொன்னார். இரண்டுமே உண்மை.

இரண்டு இயக்குநர்களும் ஒரே காலையில், இரண்டு காரில், அக்கரைக்கு வந்து இறங்கினார்கள். ஒருவரையொருவர் பார்க்காததுபோல எதிரெதிர் நடைபாதையில் நடந்தார்கள். ஒருவர் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தால் மற்றவர் எதிர்ச்சுவரைத் தட்டினார். கல்லாக்காரரின் இயக்குநர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்தார்.

"அம்மா, இந்த ஏரியாவுல என்ன தேவை?"

"மருந்துக்கடை இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு சார். போன வாரம் செத்துப் பிழைச்சேன்."

இயக்குநர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்கள் எதிர்ப்பக்கம் இருந்தன. "அவர் இப்ப எந்தக் கடையைப் பார்த்துட்டு இருக்கார்?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். பிறகு இணைப்பகத்துக் குரலில், "சைக்கிள் கடையை ஒட்டின காலி வீட்டைக் கேட்டுட்டு இருக்கார் சார். அட்வான்ஸ் குடுக்கப்போறார்போல" என்றாள்.

அன்று மாலைக்குள் இரண்டு ஒப்பந்தமும் முடிந்துவிட்டன. காலி வீடு இவர்களுக்கு, அதற்கு அடுத்த கட்டடம் அவர்களுக்கு. தெருவே சைக்கிள் கடைமுன் கூடிப் பேசியது. நூல்மில் சங்குகூட அன்று சந்தோஷமாக ஊதியதாக ஒருவர் சொன்னார். "பாரேன், உன்னை மேல தூக்கினதுல ஒரு பிரயோஜனம் இருக்கு" என்றாள் அக்கா.

கடைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும்போது இயக்குநர் மறுபடி வந்தார். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியில் பாலம் ஏறும் இடத்தைப் பார்த்தார். முகம் வாடியது.

"அவங்க கடை பாலத்துப் பக்கம் ஒரு கதவு முன்னாடி இருக்கே."

"அதனால என்ன சார்? பக்கத்துலதானே?"

"தெருக்கோடியில இருக்கறவங்களுக்கு நம்மளை விட்டா கதியில்ல, அவங்க எங்க போயிடுவாங்க? பாலத்துப் பக்கம் இருக்கறவங்களை யாரு பிடிக்கறதுங்கறதுதான் கேள்வி. நாம அவங்களைத் தாண்டி ஒரு கதவு போகணும்."

வர்ணம் அடித்தவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டடம் தள்ளிப் போனார். மறுவாரம் போட்டி நிறுவனத்தின் தச்சர்கள் அலமாரிகளைக் கழற்றிக்கொண்டு இவர்களைத் தாண்டிப் போனார்கள். அதற்கடுத்த வாரம் இவர்கள் போனார்கள். கடைகள் திறப்பதற்கு முன்பே தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தைத் தாண்டின. நூல்மில்லைத் தாண்டின. சைக்கிள் கடைக்காரர் சாயங்காலமானால் வந்து, "இன்னைக்கு எதுவரைக்கும் போயிருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போவார். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

கல்லாக்காரர் ஒருமுறை வாய்விட்டே கேட்டார்: "சார், இப்படியே போனா பாலம் வந்துடுமே?"

"பாலத்தைத் தாண்டினா அந்தப் பக்கத்து ஜனங்களும் நம்ம கணக்குல சேருவாங்க. நீங்க அக்கரையை மட்டும் நினைக்கறீங்க. நான் ரெண்டு கரையையும் நினைக்கறேன். யாரு பெரிய மனசு?"

பாலத்தின் மேலேயே கடை வைக்க இரண்டு நிறுவனமும் விண்ணப்பித்தன. நகராட்சி மறுத்துவிட்டது. ஆகவே இரண்டும் ஒரே தாவாகத் தாவின. போட்டி நிறுவனம் பாலம் இறங்கியதும் வரும் முதல் கட்டடத்தை விட்டு அடுத்ததைப் பிடித்தது. இவர்கள் அதைத் தாண்டி, கடைவீதியில், அந்தக் கட்டடத்துக்கும் தங்களுடைய பழைய கடைக்கும் இடையில் இருந்த ஒரு குறுகலான சந்து இடத்தைப் பிடித்து, கதவு வைத்து, கூரை போட்டார்கள். இனி முன்னால் நகர இடமில்லை. இரண்டு இயக்குநர்களும் அவரவர் அலுவலகத்தில் இதைச் சமநிலை என்று அறிவித்தார்கள்.

பெயர்ப்பலகை மட்டும் முன்பே எழுதக் கொடுத்துவிட்டார்கள். 'அக்கரைக் கிளை' என்று எழுதச் சொல்லியிருந்தது. எழுதியவர் 'அக்கறைக் கிளை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். திறப்பு விழாவுக்கு வந்த இயக்குநர் அதை அண்ணாந்து பார்த்தார். கல்லாக்காரர் பக்கத்தில் போய், "எழுத்துப் பிழை சார், மாத்தச் சொல்றேன்" என்றார்.

"எதுக்கு? அக்கரையிலதான் இது இல்லையே. அந்தப் பேரு பொய்யாயிடும். இது சரியா இருக்கு. நமக்கு அக்கறை இருக்கே?" என்றார் இயக்குநர். ஒலிபெருக்கியிலும் அதையே விரித்துப் பேசினார். அக்கரை மக்கள்மேல் நிறுவனம் வைத்த அக்கறைதான் இந்தக் கிளை என்றும், இதற்காக நிறுவனம் எத்தனை முறை இடம் மாறி எத்தனை கஷ்டப்பட்டது என்றும் அவர் சொன்னபோது முன்வரிசையில் சிலர் உருகினார்கள். மறுநாள் போட்டி நிறுவனத்தின் புதுக்கடையிலும் 'அக்கறைக் கிளை' என்ற பலகை ஏறியது.

அந்தப் பகுதி மக்களை நன்றாகத் தெரிந்தவர் என்பதால் கல்லாக்காரரைக் கிளை மேலாளராகப் போட்டார்கள். அடுத்த கதவில் மேலாளர் குடைக்காரர். காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்கினார்கள். போட்டிக் கடை வாசற்படியில் ஊழியர் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு நிறுவனத்திலும் விதி இருந்ததால், அவரவர் படியில் நின்றபடியே தலையசைத்துக்கொண்டார்கள்.

ஒரு முற்பகலில் கல்லாக்காரர் வெளியே எட்டிப் பார்த்தபோது, பாலத்துப் பக்கமிருந்து அக்கா வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்று, மறுபடி நடந்து வந்தாள். அவர் உள்ளே போய் இன்ஹேலரை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா வரவில்லை. வெளியே வந்தார். அவள் குடைக்காரரின் கடைக்குள், வாசலை ஒட்டி, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் புதுப் பெட்டி.

அவர் நடைபாதையில், அந்தப் படிக்கு வெளியே நின்றார். "என்னக்கா, இங்க வாங்கிட்டே?"

"இதுதானேடா முதல்ல வந்துது." மூச்சு வாங்கியது. "ஒரு கதவு கிட்ட. எனக்கு அதுவே பெரிசு."

குடைக்காரர் சங்கடப்பட்டார். "நான் சொன்னேன் சார், பக்கத்துலதான் தம்பி கடைன்னு. அவங்களால நடக்க முடியலை."

"பரவாயில்லண்ணா. உட்காரவெச்சீங்களே."

வாடிக்கையாளர் யாராவது பக்கத்துக் கடைக்குப் போனால் உடனே மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். கல்லாக்காரர் அங்கேயே நின்று போன் செய்து சொன்னார். தன் அக்கா என்றும் சொன்னார். மறுமுனையில் இயக்குநரின் மெல்லிய குரல் உற்சாகத்தில் நடுங்கியது.

"சொந்த அக்கா! சொந்தத் தம்பி கடைக்குக்கூட அவங்க கடையைத் தாண்டி வரலை! இதைவிட என்ன நிரூபணம் வேணும்? உங்க அக்காவை நம்ம பயிற்சிக்கு ஒருநாள் அழைச்சிட்டு வர முடியுமா? ஒரு பத்து நிமிஷம் பேசினாப் போதும்." பிறகு அவர் வேறு யாரிடமோ ஏதோ கேட்டார். மறுபடி போனுக்கு வந்து ஒரு முடிவைச் சொன்னார். கல்லாக்காரர் "சரி சார், சரி சார்" என்றார்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அவள் உறிஞ்சிய மருந்து உள்ளே இறங்கட்டும் என்று கண்ணை மூடியிருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பஸ் போயிற்று. அதில் அக்கரைக்காரர்கள் இரண்டு பேர் கையசைத்தார்கள், அவரும் கையசைத்தார்.

"என்னவாம் உங்க ஆளு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அக்கா.

"எங்க கடையை மாத்தறாங்க அக்கா. அடுத்த மாசம் இந்தக் கடையைத் தாண்டி, ஒரு கதவு பாலத்துப் பக்கம்." அவர் படிக்கு வெளியே நின்றபடி கொஞ்சம் குனிந்து, அவளுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஒரு கதவு உன் பக்கமா வருதுக்கா."

அக்கா கண்ணைத் திறந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையாகவே நல்ல சேதி சொல்கிறவரின் சிரிப்பு. அவளிடம் ஏதோ பதில் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள், மூச்சு போதவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.